பெட்டி என் மாடியில், சாப்பாடு தெருவில்

வில்லிவாக்கத்தில் முப்பத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். போன வருடம் மாசி மாதம் எங்கள் மொட்டைமாடியில் ஒரு தேனீப் பெட்டியை இறக்கினேன். ஏற்கெனவே இருந்த காய்கறித் தொட்டிகளையும் இரண்டு மடங்காக்கினேன். அந்தக் கோடையில் கிடைத்ததையும் கெட்டதையும் சென்ற இதழில் ஒன்றரைப் பக்கம் எழுதப்போக, இப்போது ஒரு ஜவுளிப் பை நிறையக் கடிதங்கள். தனித்தனியாகப் பதில் போட நேரமில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் நிபுணர் இல்லை. ஒரு கூட்டத்தைத் தொலைத்தவள், இன்னொன்றைத் தொலைக்காமல் வைத்திருப்பவள். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கேள்வி: எங்கள் மாடியில் முப்பது தொட்டிகள் இருக்கின்றன. ஒரு தேனீப் பெட்டிக்கு இது போதுமா? வேறென்ன பூச்செடி வைக்க வேண்டும்?
- ஒரு வாசகி, கொளத்தூர்

போதாது. முந்நூறு வைத்தாலும் போதாது. மனம் தளர வேண்டாம், யாருடைய மாடியும் போதாது. நன்றாக இருக்கும் ஒரு கூட்டத்தில் பல ஆயிரம் தேனீக்கள் இருக்கும். நம் வீட்டுத் துளசிப் பூ அவற்றுக்குக் காபியோடு தொட்டுக்கொள்ளும் பிஸ்கட். சாப்பாடு வெளியேதான். நம் ஊர் இந்தியத் தேனீ கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் சாதாரணமாகப் போய்வரும்.

அதனால் பெட்டிக்குப் பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்து மரம் எண்ணுங்கள். நான் வாங்கிய பிறகுதான் எண்ணினேன். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: புங்கம் 41, வேம்பு 23, முருங்கை 14, நாவல் 5, புளி 2, தென்னை அறுபதுக்கு மேல். பாதிக்கு மேல் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்புப் பக்கம் இருப்பவை. நான் ஒரு செடிகூட நடாமல் என் தேனீக்களுக்கு விருந்து வைத்தவர்கள், ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் அங்கே கன்று ஊன்றிய யாரோ.

வேம்பு எப்போது பூக்கும் என்று சொல்லத் தேவையில்லை, சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வந்துவிடும். அதை ஒட்டியே புங்கம், தரையெல்லாம் பொரி கொட்டியது மாதிரி உதிர்க்கும். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடும், மகரந்தத்துக்கு அதுதான் ஆதாரம். இவை பக்கத்தில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். மாடியில் ஏதாவது வைத்தே தீருவேன் என்றால் ஒரு கொடிரோஸ் வைத்துக் கைப்பிடிச் சுவரில் ஏற்றிவிடுங்கள். துளசி, கொத்தமல்லி எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு செடியைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள்.

கேள்வி: மார்ச் மாதம் வாங்கிய பெட்டி மே முதல் வாரத்தில் காலியாகிவிட்டது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகர், திருநின்றவூர்

அவரைத் திட்டும் முன் என் கதையைக் கேளுங்கள். என் பெட்டி மே 11ஆம் தேதி காலியானது. அன்று ஒரு கல்யாண ஜாக்கெட் கொடுத்தாக வேண்டும், கீழே மெஷினில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். மேலே யாரோ மிக்சி போட்டது மாதிரி சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாடிக்கு மேல் ஒரே சுழல். ஐந்து நிமிடம்கூட இல்லை, எதிர்வீட்டு மாமரத்தைத் தாண்டிப் போயே போய்விட்டன. பெட்டியைத் திறந்தால் ஐந்து அடைகள், காலி. ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு முட்டை இல்லை. வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன குடித்தனக்காரர்கள் மாதிரி.

இதற்குக் குடி பிரிதல் என்று பெயர் இல்லை. குடி பிரிவது நல்ல காலத்தில் நடப்பது. கூட்டம் பெருத்து, பழைய ராணி பாதிப் பேரோடு கிளம்பும், மீதி பாதி வீட்டிலேயே இருக்கும். நமக்கு நடந்தது ஓடிப்போதல். இடம் பிடிக்காமல் மொத்தமாகக் கிளம்புவது. நம் இந்தியத் தேனீக்கு இந்தக் குணம் உண்டு. இத்தாலியத் தேனீ கொஞ்சம் சகித்துக்கொண்டு இருக்கும், இது சகிக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் உண்டு என்று வையுங்கள்.

ஆனால் ஒரே நாளில் எடுத்த முடிவு இல்லை அது. இரண்டு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. காலில் மஞ்சள் உருண்டையோடு வருகிற தேனீக்கள் குறைந்துகொண்டே வந்தன. மகரந்தம் புழுக்களுக்கான சாப்பாடு, அது வரவில்லை என்றால் உள்ளே வளர்க்கப் பிள்ளைகள் இல்லை என்று அர்த்தம். ராணி முட்டை வைப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். இருந்த கடைசிப் புழுக்களும் தேனீயாகி வெளியே வரும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள்.

காரணம் எல்லாம் என் பக்கம். பெட்டியை மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. அக்னி நட்சத்திரத்தில் மூன்று மணி வெயில் நேராக அதன் மேல். கூட்டின் நடுப்பகுதியை 35 டிகிரி அளவில் வைத்திருக்கத் தேனீ படாதபாடு படும். தண்ணீரைத் துளித்துளியாகக் கொண்டுவந்து அடையில் தடவி, வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். வெளியே 40ஐத் தாண்டினால் தேன் சுமந்த புது அடை அப்படியே தொய்ந்து விழக்கூடும். வேலைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் வீட்டில் விசிறிக்கொண்டிருந்தால் சம்பாதிப்பது யார்? போதாததற்கு ஏப்ரலில் ஆசைப்பட்டு அடை கட்டும் மரச்சட்டங்களில் இரண்டின் தேனை எடுத்துவிட்டேன். மே பிறந்ததும் புங்கம் ஓய்ந்துவிட்டது. கையிருப்பையும் நான் பிடுங்கிக்கொண்டேன், கடையும் மூடிவிட்டது. இது போதாதென்று இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். உங்கள் வீட்டுக் கூரையை ஒருவர் இப்படிக் கழற்றிப் பார்த்தால் நீங்கள் இருப்பீர்களா? அடிப்பலகையில் மெழுகுத் தூள் சேர்ந்து அந்துப்பூச்சிப் புழு நூலாம்படை கட்டியிருந்ததை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன்.

இந்த வருடம் பெட்டி தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, அதன் நிழலில். வாசல் கிழக்குப் பார்த்து. மேலே தென்னங்கீற்று, அதன் மேல் சாக்கு. பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் சாக்கை நனைத்துவிடுவேன். ஸ்டாண்டின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன, எறும்பு ஏறாது. கிண்ணம் வற்றினால் எறும்புக்கு அன்றைக்கே தெரிந்துவிடும், அது எப்படி என்று கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்குள், பத்து நிமிடம் மட்டும் திறக்கிறேன். அடிப்பலகையைச் சுரண்டித் துடைப்பதுதான் அதில் முக்கிய வேலை. பூ இல்லாத மாதத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்து, இருட்டுகிற நேரத்தில் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். பகலில் வைத்தால் ஊர்த் தேனீயெல்லாம் கொள்ளையடிக்க வரும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரவில்லையா?
- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

வந்தார்கள். தண்ணீருக்காக. சென்னையில் வேறெதற்குச் சண்டை வரும்?

பெட்டி வைத்த பத்தாம் நாள் பின்வீட்டு அம்மா குடத்தைத் தூக்கிக் காட்டினார், உள்ளே எட்டுத் தேனீக்கள் மிதந்தன. என் மாடியில் நான் தண்ணீர் வைக்கவில்லை, அதனால் அவை தங்களுக்குக் கிடைத்த தண்ணீருக்குப் போயின. ஒரு இடத்தைப் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். பெட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் வைத்துவிட வேண்டும். அகலமான மண் தட்டு, நிறையக் கூழாங்கல், கல்லின் தலை நனையாத அளவு தண்ணீர். தேனீக்கு நீந்தத் தெரியாது, நிற்க இடம் வேண்டும். ஒரு நாள்கூட வற்றவிடக் கூடாது. ஊருக்குப் போனால் தேனீயை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை, தட்டை ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு புகார் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. வேட்டிக்காரர் ஏதோ மகரந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: அது தேனீயின் கழிவு. கூட்டுக்குள் அசிங்கம் பண்ணாது, வெளியே பறக்கும்போதுதான் போகும். காயும் முன் அலசினால் பெரும்பாலும் போய்விடும், காய்ந்தால் எனக்கே சவால். வாசலுக்கு முன்னால் ஆறடி உயரத்துக்கு ஷேடு நெட் கட்டினேன். கிளம்பும்போதே மேலே ஏறிப் பறக்க வேண்டியிருப்பதால் ஆள் உயரத்தில் குறுக்கே போவது குறைந்தது. வேட்டிக்காரருக்கு ஒரு ஜாக்கெட் கூலி இலவசம், அதாவது அவர் வீட்டம்மாவுக்கு.

கேள்வி: முகத்துக்கு வலை எங்கே வாங்கினீர்கள்? கொட்டினால் என்ன செய்வது?
- ஒரு வாசகர், ஆவடி

வலை வாங்கவில்லை, தைத்தேன். பழைய நைலான் கொசுவலை, அகல விளிம்புள்ள ஓலைத் தொப்பி, கழுத்துக்கு எலாஸ்டிக். முகத்துக்கு நேராகக் கறுப்பு வலை வைத்தால்தான் நமக்குப் பார்வை தெளியும், வெள்ளை வலை வெயிலில் கண்ணைக் கூசும். உடம்புக்கு வெளிறிய பருத்தி. கறுப்பும் சொரசொரப்பான கம்பளியும் தேனீக்கு ஆகாது, கரடி வந்துவிட்டதாக நினைக்கும். மல்லிகைப்பூ, சென்ட், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், நஞ்சுப் பை இறைத்துக்கொண்டே இருக்கும். எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் உடனே நகத்தால் வழித்து எறியுங்கள். கழுவி, ஐஸ் வையுங்கள். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும், அது மற்றவர்களை அழைக்கும் வாசனை. அதனால் அங்கேயே நின்று ஊதிக்கொண்டிருக்காமல் கீழே வந்துவிடுங்கள். வீக்கமும் அரிப்பும் சகஜம். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கினால் அது வேறு விஷயம்: சுண்ணாம்பைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால் பெட்டியே வேண்டாம்.

கேள்வி: பீர்க்கு, புடலை, பூசணி எல்லாவற்றிலும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. தேனீ வளர்த்தால் காய் பிடிக்குமா?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பூசணிக்கு ஆம், புடலைக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் கடை திறக்கும் நேரம் வேறு.

இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் மாதிரி ஒன்று இருக்கும். ஆரம்பத்தில் வெறும் ஆண் பூவாகத்தான் பூக்கும், அதற்காகக் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பூசணி விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பாகலும் காலைப் பூதான். இவற்றுக்குத் தேனீ போகும், என் மாடியில் பாகல் போன வருடம் காய்த்துக் குவித்ததற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன். ஆனால் பீர்க்கு மாலையில் மலரும். சுரையும் அந்தி மயங்கும் நேரம். புடலையின் வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் குஞ்சம் வைத்தது, இரவில் விரியும். அந்த நேரத்தில் என் தேனீக்கள் கதவைச் சாத்திக்கொண்டு விசிறிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அந்துப்பூச்சிகள் வர வேண்டும். நாலு மாடி உயரத்தில் அவை வராவிட்டால் நீங்கள்தான் வர வேண்டும்.

பீர்க்குக்கு ஆறு மணி வாக்கில் போங்கள். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். எங்கள் வீட்டில் இது டி.வி. சீரியல் தொடங்கும் முன் செய்கிற வேலை.

கேள்வி: தேனீ இருந்தும் உங்களுக்குத் தக்காளி சரியாகக் காய்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன்?
- ஒரு கல்லூரி மாணவர், தாம்பரம்

தம்பி, தக்காளி, கத்தரி இரண்டிலும் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைந்திருக்கும். பூவைப் பிடித்து உலுக்கினால்தான் கொட்டும். தேனீக்கு அப்படி உலுக்கத் தெரியாது. கருவண்டுக்குத் தெரியும். கத்தரிப்பூவில் தொங்கிக்கொண்டு ‘ஙொய்ங்’ என்று குரலை மாற்றும், கவனித்துப் பாருங்கள், அப்போது மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். என் பந்தல் மூங்கிலில் ஒரு கருவண்டு துளை போட்டுக் குடியிருக்கிறது. மூங்கில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தக்காளி தானாகவே மகரந்தம் சேர்த்துக்கொள்ளக் கூடியது, காற்று அசைத்தாலே போதும். அதன் பிரச்சினை வெயில். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராவிட்டால் பூ உதிரும். சென்னையில் தக்காளியைப் புரட்டாசிக்கு மேல் நட்டுத் தை மாசியில் பறிப்பதுதான் புத்தி. கோடைக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாகல், தண்டுக்கீரை. நான் பங்குனியில் தக்காளி நட்டது வீம்பு.

கேள்வி: மொத்தம் எவ்வளவு விளைந்தது? கணக்கு சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், சைதாப்பேட்டை

பங்குனி முதல் ஆனி வரை, அளவு நோட்டின்படி: வெண்டை 11 கிலோ, 14 செடிப் பைகளிலிருந்து. பாகல் 7 கிலோ. கத்தரி 5 கிலோ. கீரை நாற்பது கட்டு. தக்காளி ஒன்றேகால் கிலோ, சொன்னேனே, வீம்பு. தேன் ஏறக்குறைய 700 கிராம், அதுவும் எடுத்திருக்கக் கூடாதது. பெட்டி, கூட்டம், ஸ்டாண்டு, தேனீயை அமைதிப்படுத்தும் புகைப்பான் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் செலவு. லாபம் பார்க்கிறவர்கள் ஃபால்ஸ் தைக்கக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: மாடித்தோட்டத்தில் மாவுப்பூச்சி. வேப்ப எண்ணெய் அடித்தால் தேனீக்கு ஆகுமா?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

அடிக்கலாம், இருட்டிய பிறகு. பூவின் மேல் படாமல் இலையின் அடியில் மட்டும். கடையில் கிடைக்கும் ரசாயன மருந்து அடிப்பதாக இருந்தால் தேனீயும் வேண்டாம், அந்தக் காயும் எனக்கு வேண்டாம். கொசுப் புகை வண்டி தெருவில் வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பெட்டி வாசலில் ஈரத்துணியைத் தளரத் தொங்கவிடுவேன், அரைமணியில் எடுத்துவிடுவேன். பக்கத்து மாடிகளில் யார் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் வீடு எல்லாவற்றிலும் நம் சமையல் இல்லையே.

கேள்வி: எங்கள் தெரு முனைக் கரும்பு ஜூஸ் கடையில் ஆயிரக்கணக்கில் தேனீ மொய்க்கிறது. அது யாருடையது?
- ஒரு வாசகர், பெரம்பூர்

என்னுடையதாகவும் இருக்கலாம். மே மாதம் பூ இல்லாதபோது அவற்றுக்கு அதுதான் மெஸ். கஷ்டம் என்னவென்றால் சக்கை டிரம்மிலும் மிச்சம் வைத்த கப்பிலும் விழுந்து கூட்டங்கூட்டமாகச் சாகும். எங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் திட்டாமல் பேசினேன். சக்கை டிரம்முக்குக் கொசுவலையில் ஒரு மூடி தைத்துக் கொடுத்தேன், எலாஸ்டிக் வைத்து. ஈயும் வருவதில்லை என்று இப்போது அவருக்கே பிடித்துவிட்டது.

கேள்வி: தேன் சுத்தமானதா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரில் விட்டால் கரையக் கூடாதாமே?
- பலர்

தண்ணீர், தீக்குச்சி, எறும்பு, நாய் நக்காது என்பது, எதுவும் பலிக்காது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் நூலாக இறங்கும். எறும்பு நல்ல தேனுக்கும் வரும், என் வீட்டில் வந்தது. உறைந்து போனால் கலப்படம் என்பதும் தப்பு, பல தேன்கள் தானாக உறையும். வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். வீட்டுப் பெட்டியில் எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தேனீயே மெழுகால் மூடிய அறைகளை மட்டும் எடுங்கள். மூடாததில் தண்ணீர் அதிகம், நாலு வாரத்தில் புளித்து மூடியைத் தள்ளும்.

கேள்வி: பேத்தி பிறந்திருக்கிறாள். சேனை வைக்க உங்கள் வீட்டுத் தேன் கொஞ்சம் கிடைக்குமா?
- ஒரு பாட்டி, அயனாவரம்

அம்மா, கேட்டதற்கு சந்தோஷம், ஆனால் தரமாட்டேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும், எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசையைத் தளரவைத்துவிடும். எனக்கும் என் அத்தை சேனை வைத்தவர்தான், என் பிள்ளைகளுக்கு நானே வைத்தேன். அப்போது தெரியாது. முதல் பிறந்தநாளுக்கு வாருங்கள், ஒரு சின்ன பாட்டில் எடுத்து வைக்கிறேன்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடி சன்ஷேடில் முறம் அளவுக்குக் கூடு. பிடித்துப் பெட்டியில் வைக்கலாமா?
- ஒரு வாசகர், பெருங்குடி

வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில் ஒரே அடையாகப் பெரிதாகத் தொங்குவது மலைத்தேனீ. பெட்டிக்குள் வாழாது, விரட்டினால் கூட்டமாகத் துரத்தும். பெட்டியில் வைக்கிற இந்தியத் தேனீ இருட்டுப் பொந்தில் பல அடை அடுக்காகக் கட்டுவது. மலைத்தேனீ சில மாதம் இருந்துவிட்டுத் தானே இடம் மாறும். அதுவரை அந்தப் பக்கத்துச் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், இரவில் பளிச்சென்ற விளக்கைப் போடாதீர்கள், வெளிச்சத்துக்கு உள்ளே வரும். தொந்தரவு தாங்கவில்லை என்றால் அனுபவப்பட்ட ஆளை வைத்து எடுங்கள். வாட்ச்மேனிடம் தீப்பந்தம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உங்கள் வீட்டுக்காரர் உதவுகிறாரா?
- ஒரு வாசகி, ஊர் எழுதவில்லை

தேங்காய் நார் உரித்துப் புகைப்பானில் போட்டுத் தருவார். தந்துவிட்டு மாடிப்படிக் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொள்வார்.

கேள்வி: எங்கே கற்றுக்கொள்வது? எந்தப் பெட்டி வாங்குவது?
- பலர்

கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு வருடம் யாரிடமாவது கூட நின்று பார்த்தால் உத்தமம். நான் இரண்டாவதைச் செய்யவில்லை.

பெட்டி நியூட்டன் பெட்டிதான், கீழே புழு அறை, மேலே தேன் அறை. 1910களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் அளவுக்கு வடிவமைத்தது, இன்னும் அவர் பெயரிலேயே ஓடுகிறது. நான் வாங்கியது மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரிடம். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக ரப்பர்த் தோட்டத்தில் பெட்டி வைக்கிறார்கள். ரப்பர் மரத்தில் தேன் பூவில் வராது, தளிர் இலைக் காம்பில் சுரக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1991ஐ அவர் மறக்கவில்லை. ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்த வருடம் அது, அவர் அப்பா காலிப் பெட்டிகளை விறகுக்குப் போட்டாராம். அதனால்தான் கூட்டம் வாங்கும்போது புழுக்களைப் பார்த்து வாங்கச் சொல்வார். முத்து மாதிரி வெள்ளையாக, சுருண்டு படுத்திருக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய பை மாதிரித் தொங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஓடிப்போன பிறகு இரண்டாவது கூட்டம் எப்படிக் கிடைத்தது? அதுதான் திரும்பி வந்ததா?
- ஒரு வாசகி, வில்லிவாக்கம்

அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் தேனீயில் யார் யார் என்று எனக்குத் தெரியாது.

ஆனி மாதம், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்குள் தேனீ கட்டியிருப்பதாக என் கஸ்டமர் ஒருத்தி சொன்னாள். மருந்தடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மின்வாரிய ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு, சாயங்காலம் ஐந்தரைக்கு, மார்த்தாண்டத்துக்காரரும் நானும் திறந்தோம். உள்ளங்கை அகலத்தில் நாலு அடை. ஒவ்வொன்றையும் கத்தியால் அறுத்து, காலிச் சட்டத்தில் பொருத்தி, விழாமல் கட்ட வேண்டும். அவர் ஊரில் வாழைநாரால் கட்டுவார்களாம். வில்லிவாக்கத்தில் அந்த நேரத்துக்கு வாழைநாருக்கு எங்கே போவது? என் பையில் நாற்பதாம் நம்பர் நூல் இருந்தது, மஞ்சள். ஒரு சட்டத்துக்கு நாலு சுற்று, தளரவும் கூடாது, அடையை அறுக்கவும் கூடாது. அவ்வளவு நேரம் நான் உதவி, அவர் ஆசான். நூல் கட்டும் அந்தக் கால் மணி மட்டும் அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

ராணியைப் பெட்டிக்குள் விட்டு, வாசலில் ராணி வெளியே போக முடியாத தடுப்பு போட்டு, மற்றவர்கள் தாங்களாக உள்ளே நடந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு வாரம் தடுப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்த் தட்டை நிரப்பப் போனபோது வாசல் பலகையில் மஞ்சள் துணுக்குகள் கிடந்தன. மகரந்தம் என்று நினைத்துக் குனிந்தேன். நூல். அடையைச் சட்டத்தோடு ஒட்டி முடித்துவிட்டு, என் கட்டை ஒவ்வொரு இழையாகக் கடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.